உடையாத உறையும் உழைக்கும் விரலும்

கேரளத்தின் உடும்பன்சோலைத் தாலுக்காவைச் சேர்ந்த சாந்தன்பாறையில், ஒரு புறம் மதிகெட்டான் சோலையின் கானகமும் மறுபுறம் ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும் இருக்க, இடைப்பட்ட மலைச்சரிவெல்லாம் ஏலமும் தேயிலையுமாகப் பரந்து கிடக்கிறது. அந்தப் பிரதேசத்தில் ஒருவருடைய ஆஸ்தி என்னவென்று விசாரித்தால், நிலம் படைத்தவர் நிலத்தைக் காட்டுவார். நிலம் இல்லாதவர் தம் பத்து விரல்களைத்தான் காட்ட வேண்டியிருக்கும். ஏலச் செடியின் தூரை ஒட்டித் தரையில் படர்ந்து கிடக்கும் சரங்களில், முற்றிய காயை மட்டும் கொய்துகொண்டு பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுவைக்கும் வேலை, கண்ணின் பழக்கமும் விரல் நுனியின் உணர்ச்சியும் ஒன்று சேர்ந்தாலன்றி நடவாத வேலை. விடியுமுன் போடிநாயக்கனூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் வளைவுகளைக் கடந்து காயெடுப்புக்கு வந்து சேரும் பெண்களுக்கும், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயங்களிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், சுட்டுவிரலில் ஒரு வெட்டுக் காயம் பட்டால், அது ஆறும் வரையில் கூலியிலும் துண்டு விழும்.

அந்தக் காயம் கவாத்துக் கத்தியால் நேர்ந்தால், தொழில் என்று இருந்தால் அபாயமும் இருக்கத்தான் செய்யும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மாலையில் வீடு திரும்பி, கை கால் கழுவி, காப்பி குடித்தபின், யானை நடமாடும் பாதையில் தலையில் மாட்டிக்கொண்டு போவதற்கென்று ஆசையோடு வாங்கிய டார்ச்சை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுக்கப் போய் விரலை அறுத்துக்கொண்டால், அதற்கு என்ன சமாதானம் சொல்வது? செல்போன் சார்ஜர், மெமரி கார்டு, சவர ரேஸர், பல் துலக்கும் பிரஷ், குழந்தைக்குப் பொம்மைக் கார் என்று, பூப்பாறைக் கடைகளிலிருந்தும் பார்சல்காரர் மூலமாகவும் மலை ஏறி வரும் சாமான்களில் ஒரு பகுதி, உள்ளே இருப்பது நன்றாகக் கண்ணுக்குத் தெரிய, கைக்கு மட்டும் எட்டாதபடி, கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைபட்டே வந்து சேர்கிறது. இந்த உறையைக் காயமின்றித் திறப்பது எப்படி என்பது அற்ப விஷயம் என்று தோன்றலாம். அற்ப விஷயத்தில் அலட்சியமாக இருப்பவர்தாம் ஆஸ்பத்திரி வாசலில் அதிகம் நிற்கிறார்கள்.

இவ்வுறைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, முன்புறம் பிளாஸ்டிக் குமிழும் பின்புறம் அச்சிட்ட அட்டையும் கொண்டது. பிரஷ், ரேஸர், பேட்டரி முதலியவை பெரும்பாலும் இதில் வரும். மற்றொன்று, முன்னும் பின்னும் பிளாஸ்டிக்காகவே இருந்து, சிப்பியின் இரு ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்வது; கிளாம்ஷெல் என்பது வியாபாரிகள் இதற்கு இட்டிருக்கும் பெயர். இரண்டாவதே பொல்லாதது. பெட் அல்லது பிவிசி என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி இளக்கி, பொருளின் வடிவத்தில் அமைந்த அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து, ஆறியதும் பொருளை உள்ளே வைத்து, இரு பாதிகளின் விளிம்புகளையும் வெப்பத்தாலோ, உயர் அதிர்வெண் மின்சாரத்தாலோ, செவிக்கு எட்டாத ஒலி அதிர்வாலோ உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிவிடுகிறார்கள் என்று சொல்வதுகூடப் பிசகு. விளிம்பில் இரண்டு தகடுகளும் கலந்து ஒரே தகடாகிவிடுகின்றன. ஆகையால் பிரிப்பதற்கு அங்கே மடிப்பும் இல்லை, இடுக்கும் இல்லை. தகட்டின் கனம் கால் மில்லிமீட்டரோ, அரை மில்லிமீட்டரோ, அதற்குச் சற்று மேலோதான். ஆனால் வளைவும் நெளிவுமாக அச்சில் படிந்த மெல்லிய தகடு, தட்டையாக இருந்த காலத்தைவிடப் பல மடங்கு விறைப்பு அடைந்துவிடுகிறது.

இப்படி ஒரு கோட்டையைக் கட்ட வேண்டிய அவசியம் வியாபாரிகளுக்கு ஏன் வந்தது என்பது விசாரிக்கத் தக்கது. மளிகைக் கடையில் சாமானெல்லாம் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் இருந்த காலத்தில், கேட்டதை அவர் எடுத்து, பழைய காகிதத்தில் மடித்து, சணல் நூலால் கட்டிக் கொடுத்தார். விற்பவரும் அவரே, காவற்காரரும் அவரே. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெம்பிஸ் என்னும் நகரத்தில், கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கைக்காரர்கள் தாமே கடைக்குள் நடந்து சாமானை எடுத்துக்கொண்டு வாசலில் பணம் கட்டிப் போகும்படியான பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அந்த முறை உலகெங்கும் பரவியபோது, கடைக்காரர் செய்துவந்த இரண்டு உத்தியோகங்களும் உறையின் தலையில் விழுந்தன. பொருளைக் கண்ணுக்குக் காட்டி வாங்கும் ஆசையை மூட்டுவது ஒன்று; கட்டைவிரல் அளவே உள்ள விலையுயர்ந்த பொருளை எவரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நழுவாதபடி காப்பது மற்றொன்று. உள்ளங்கையைவிடப் பெரிய உறைக்குள் நகத்தளவு மெமரி கார்டு உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். 1982ஆம் ஆண்டில் சிகாகோ நகரப் பகுதியில், கடையில் வைத்திருந்த டைலெனால் மாத்திரைக் குப்பிகளுக்குள் யாரோ சயனைடு கலந்துவிட்டதால் ஏழு பேர் மாண்டுபோனார்கள். அது முதல், திறந்தால் திறந்த அடையாளம் தெரிய வேண்டும் என்ற எச்சரிக்கை உணர்ச்சி மருந்துகளைத் தாண்டி ஏனைய பண்டங்களையும் பற்றிக்கொண்டது.

ஆக, திருடனையும், லாரியின் குலுக்கலையும், விஷமியையும் மனத்தில் வைத்து உறை செய்தார்கள். காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவரை ஒருவரும் நினைக்கவில்லை. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. தகர டப்பாவில் உணவை அடைத்துவைக்கும் உபாயத்துக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் உரிமை பெற்றது 1810ஆம் ஆண்டில். அதைத் திறப்பதற்கென்று எஸ்ரா வார்னர் என்ற அமெரிக்கர் ஒரு கருவி செய்து உரிமை பெற்றது 1858ஆம் ஆண்டில். இடைப்பட்ட அரை நூற்றாண்டு ஜனங்கள் சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு டப்பாவோடு மல்லுக்கு நின்றார்கள்.

நம் காலத்துப் பிளாஸ்டிக் உறை விஷயத்தில் முணுமுணுப்பு அமெரிக்காவில் உரத்தது. அங்கே 2004ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் உறைகளால் காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 6,500 பேர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் பத்திரிகை, திறப்பதற்கு மிகக் கடினமான உறைகளைத் தேர்ந்தெடுத்து, 2006ஆம் ஆண்டில் சிப்பியின் பெயரால் பரிகாசப் பரிசு ஒன்றே வழங்கியது. 2008 நவம்பரில் அமேசான் நிறுவனம், பத்தொன்பது பொருள்களை மட்டும் தேர்ந்துகொண்டு, எளிதில் பிரியும் அட்டைப் பெட்டியில் அவற்றை அனுப்பத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டில் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும், முதியோரும் கை வலிமை குன்றியோரும் உறைகளைத் திறக்கும் சௌகரியத்தைப் பற்றி, ஐஎஸ்ஓ 17480 என்ற எண்ணில் ஒரு தர நூல் வெளியிட்டது. அமேசான் கண்டுகொண்ட நியாயம் மிகச் சாதாரணமானது. பார்சலில் வரும் பொருள் எந்தக் கடையின் கொக்கியிலும் தொங்குவதில்லை. எவரும் அதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. திருடுவதற்கும் சந்தர்ப்பம் குறைவு. அப்படியிருக்க, எங்கோ ஒரு பெரிய நகரத்து அங்காடிக்கென்று செய்த அதே உறை, சாந்தன்பாறை லயத்து வாசலுக்கும் மலை ஏறி வருவது, என் அபிப்பிராயத்தில், வெறும் வழக்கத்தின் பலமே தவிர வேறல்ல.

வழக்கம் மாறும் வரையில் நாம் விரலைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன், காயம் எப்படி ஏற்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பிரயோஜனப்படும். ஏனெனில் பிளேடு கூர்மையாக இருந்ததால் வெட்டிவிட்டது என்று எல்லாரும் சொல்லும் காரணம் பாதி உண்மைதான். காகிதம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீரான பலத்துக்குக் கிழிந்து கொடுக்கும். கெட்டிப் பிளாஸ்டிக்கோ, முதலில் அசையவே அசையாது; நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பலத்தைக் கூட்டக் கூட்ட, அதையெல்லாம் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போய், ஏதோ ஒரு கணத்தில் திடீரென்று விட்டுக்கொடுத்துவிடும். எதிர்ப்பு மறைந்தது என்று மூளை அறிந்து கையை நிறுத்துவதற்குக் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு நேரம் ஆகும். அந்தச் சொற்ப அவகாசத்தில் கத்தி, கூட்டிவைத்த பலம் முழுவதோடும் முன்னோக்கிப் பாய்ந்துவிடுகிறது. அதன் பாதையில் பெரும்பாலும் இருப்பது, உறையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மற்றொரு கை. அதனால்தான் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடக்கையில் அடிபடுகிறது. இதோடு நின்றாலும் பாதகமில்லை. வெட்டுண்ட பிளாஸ்டிக்கின் விளிம்பே பிறகு ஓர் ஆயுதமாகிவிடுகிறது. பாதி திறந்த பிளவுக்குள் விரலை விட்டு இழுப்பவர்களுக்கு நேரும் காயமெல்லாம் கத்தியால் நேர்வதன்று, உறையின் உதட்டால் நேர்வது.

இனித் திறக்கும் முறைக்கு வருவோம். உறை கைக்கு வந்ததும் ஆயுதத்தைத் தேடாமல், அதை நாலு புறமும் திருப்பிப் பார்ப்பது முதல் காரியம். சில உறைகளில் பின்புறத்தில் புள்ளிப் புள்ளியாகத் துளையிட்ட கோடு இருக்கும். ஓர் அம்புக்குறியோ, விரல் நுழையும் அளவு அரைவட்டத் துளையோ இருக்கும். வேறு சிலவற்றில் விளிம்பு உருக்கி ஒட்டப்படாமல், அழுத்துப் பொத்தான்கள்போல் குமிழ்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும். அச்சிட்டவர்கள் இந்த வழிகளை விளம்பர எழுத்துக்கு நடுவே மிகச் சிறியதாகப் போட்டிருப்பதால், அவசரக்காரர் கண்ணில் அவை படுவதில்லை. அட்டை முதுகு உள்ள உறையாக இருந்தால் பிளாஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். கவிழ்த்து வைத்து, ஒரு மூலையைப் பின்பக்கமாக இரண்டு மூன்று தரம் மடித்தால் அட்டை அடுக்கு விட்டுக்கொடுக்கும். அதிலிருந்து உரித்துக்கொண்டே போகலாம். உரியாத அட்டையானாலும், பின்புறத்திலிருந்து அட்டையை மட்டும் வெட்டுவது பிளாஸ்டிக்கை வெட்டுவதில் பாதிக் கஷ்டம்கூட இல்லை.

முன்னும் பின்னும் பிளாஸ்டிக்கான உறைக்குக் கத்தரி தவிர வேறு உபாயம் சொல்ல எனக்கு மனமில்லை. கத்தரியிலும் தையற்காரரின் நீண்ட கத்தரி உதவாது. அலகு விலகும், முனை மழுங்கும், வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவின் கோபத்துக்கும் ஆளாக வேண்டிவரும். குட்டையான அலகும், நான்கு விரலும் நுழையும் பிடியும் உள்ள சமையலறைக் கத்தரி நல்லது; ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தகரம் வெட்டும் கத்தரி அதைவிட நல்லது. தோட்டத்து வீடுகளில், செடி வெட்டும் கைக்கத்தரி அநேகமாக இருக்கும். கனத்த பிளாஸ்டிக்கை அது அலட்சியமாக வெட்டும். ஆனால் ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துகள் லேசானவை அல்ல. தோட்டத்தில் புழங்கிய கருவியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல், பல் துலக்கும் பிரஷ்ஷின் உறையில் வைக்கலாகாது. வளைகுடா நாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில், சக்கரம் சுழற்றித் தகர டப்பா திறக்கும் ஓப்பனர் இருந்தால், தட்டையான அகன்ற விளிம்பு உள்ள உறைகளில் அதை ஓட்டிப் பார்க்கலாம். அது பிடித்துக்கொண்டால் வேலை சுலபமாக முடியும், பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். எந்தக் கருவியும் இல்லாமல் எதையும் திறக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அந்த வட்டாரத்தில் அரிக்கொம்பன்தான். பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையைப் பலமுறை உடைத்து அரிசி தின்ற அந்தக் காட்டு யானையை, 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கருவி வேண்டும். தேங்காய் உரிப்பதற்குக் கடப்பாரைதான் கதி என்று இருந்த கேரளத்தில், வேளாண் பல்கலைக்கழகத்தார் கேரமித்ரா என்று ஒரு நெம்புகோல் கருவியைச் செய்து கொடுத்த பிறகு, பலசாலிகளுக்கென்று ஒதுக்கியிருந்த அவ்வேலையைப் பெண்டிரும் முதியோரும் செய்யலாயினர். கருவி தக்கதாக இருந்தால் பலம் பெரிதில்லை என்பதே இதிலும் சூட்சுமம்.

உறையை மேஜைமேலோ, தரையில் போட்ட பலகைமேலோ, நல்ல வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மடியில் வைத்தும், மார்போடு அணைத்தும், உள்ளங்கையில் தாங்கியும் வெட்டுவது கூடாது. பொருள் உப்பியிருக்கும் மேட்டுக்கும் ஒட்டுப்பட்ட விளிம்புக்கும் நடுவே, வெறும் தகடாக ஒரு தட்டையான வரம்பு தெரியும், அதுதான் பாதை. உருகி இரட்டிப்புக் கனம் அடைந்த விளிம்பின்மேலேயே வெட்டப் போனால் கத்தரி திணறும். மேட்டை நெருங்கினால், உள்ளே சுருட்டிவைத்த ஒயர் துண்டாகும். கொக்கியில் மாட்டுவதற்கென்று துளை போட்ட மேல்புறத்தில் தொடங்கி, அந்தப் பக்கத்தையும் இரண்டு நெடும் பக்கங்களையும் வெட்டிவிட்டு, அடிப்பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுவிட்டால், உறை புத்தகமாகத் திறந்துகொள்ளும். கத்தரி முதலில் பல் பதிக்காமல் வழுக்கினால், நகவெட்டியால் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் கடித்து ஒரு வாய் உண்டாக்கிக்கொள்ளலாம். வெட்டும்போது தகட்டை அலகின் நுனியில் கொடுக்காமல், ஆணிக்குப் பக்கத்தில், அடிவாயில் கொடுக்க வேண்டும். பலம் அங்கேதான் இருக்கிறது. பிடிக்கும் கை எப்போதும் கத்தரி வந்த வழியில் இருக்கட்டும், போகும் வழியில் இருக்க வேண்டாம்.

இதில் பெரும்பாலோர் தவறுவது நடுவழியில்தான். ஒரு பக்கம் வெட்டியதும், இனி இழுத்தால் வந்துவிடும் என்ற ஆசை உண்டாகி, கத்தரியைக் கீழே போட்டுவிட்டு இரு கையாலும் பிளக்கத் தொடங்குகிறார்கள். மூன்று பக்கமும் முடியும் வரையில் இழுப்பதில்லை என்ற ஒரு நியமத்தை மட்டும் அனுஷ்டித்தால், இந்த வகைக் காயங்களில் பெரும் பகுதி நேராது. முடிந்த பிறகும் விரலை உள்ளே விட்டுத் துழாவாமல், உறையைக் கவிழ்த்துப் பொருளைத் தானாக விழச் செய்ய வேண்டும். விழாவிட்டால் வெளிப்புறத்திலிருந்து பெருவிரலால் அழுத்தித் தள்ள வேண்டும். தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் தடித்த கையுறை ஒன்று இடக்கையில் இருந்தால், மேலும் நிம்மதி.

சமையலறைக் கத்தியால் குத்துவது, ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது, பாதி பிளேடை விரல்களுக்கு நடுவே பிடித்துக் கீறுவது, பல்லால் கடிப்பது ஆகிய நான்கும் நம் வீடுகளில் சகஜம். நான்கும் நிறுத்தத் தக்கவை. பல்லின் மேற்பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் மீண்டும் வளராது. அடுப்பிலோ மெழுகுவத்தியிலோ காட்டி இளக்குவது அவற்றிலும் கொடியது. உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் தீயே பற்றக்கூடும். கட்டர் ஒன்றுதான் கைவசம் உண்டு என்றால், அலகைச் சிறிதளவே வெளியே நீட்டி, உறையைப் பலகையில் தட்டையாகக் கிடத்தி, ஒரே இழுப்பில் அறுத்துவிட நினையாமல், ஒரே கோட்டின்மேல் லேசாகப் பலமுறை ஓட்டி, உடம்பை விட்டு விலகும் திசையில் வெட்ட வேண்டும்.

பொத்தான் பேட்டரியின் உறையைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அது கஷ்டப்பட்டே திறக்க வேண்டும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். அமெரிக்காவில் ஒரு குழந்தை அவ்விதம் இறந்ததன் விளைவாக, 2022 ஆகஸ்டில், அவற்றைக் குழந்தைகள் திறக்க இயலாத உறையில்தான் விற்க வேண்டும் என்று சட்டமே செய்தார்கள். அந்த உறையை வெட்டியபின் மிச்ச பேட்டரிகளை மேஜையில் சிதற விடாமல், எட்டாத உயரத்தில் வைப்பது பெரியவர்கள் பொறுப்பு.

விரல் மூட்டு வலியுள்ள முதியவர்களுக்கு மேற்சொன்ன முறைகளெல்லாம்கூடச் சிரமமே. அவர்களுக்கும் ஏனையோருக்கும் மிகச் சுலபமான உபாயம் ஒன்று நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. பல்பு வாங்கினால், கடைக்காரர் அதை மாட்டி எரியவைத்துக் காட்டிய பிறகே காசு வாங்குவது என்ற சம்பிரதாயம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்னும் மறைந்துவிடவில்லை. டார்ச்சுக்கும் சார்ஜருக்கும் அதே சம்பிரதாயத்தை நீட்டி, “அண்ணாச்சி, பிரிச்சு எரியுதான்னு பாத்துக் குடுத்துடுங்க” என்று கேட்டால், கடைக்காரர் தம் கல்லாவுக்கு அடியில் இருக்கும் நல்ல கத்தரியால், தினமும் செய்து பழகிய கையால், அரை நிமிஷத்தில் திறந்து கொடுத்துவிடுவார். பொருள் பழுதானதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தானே எடுத்துக்கொள்ளும் பெரிய அங்காடிகளிலும் ஓர் ஊழியரைக் கூப்பிட்டு இதைக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

இத்தனைக்கும் மீறி வெட்டுப்பட்டால், முதலில் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, இடையிடையே விலக்கிப் பார்க்காமல், பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்க வேண்டும். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். ரத்தம் நின்றதும் ஓடும் நீரில் கழுவிக் கட்டலாம். காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை அப்புவது பழைய பழக்கம். காயத்தை அழுக்காக்கி, பின்னால் பார்க்கும் டாக்டருக்கு வேலையைக் கூட்டுவதே அதன் பலன். ரப்பர் பாண்டால் விரலை இறுகச் சுற்றுவதும் கூடாது. உள்ளங்கைப் பக்கத்தில், விரலின் இரு ஓரங்களிலும் நரம்பும் ரத்தக் குழாயும், நடுவே விரலை மடக்கும் தசைநாணும், தோலுக்கு மிகச் சமீபத்தில் ஓடுகின்றன. ஆகையால் சிறு வெட்டாகத் தோன்றினாலும், விரலின் ஒவ்வொரு கணுவையும் மடக்கி நீட்ட முடிகிறதா, நுனியின் இரு புறத்திலும் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். தசைநாண் அறுபட்டால், தசை அதன் ஒரு முனையை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். அது தானாக ஒட்டாது, அறுவை சிகிச்சை செய்து சேர்த்தாலும் விரல் பழைய நிலைக்கு வரப் பல வாரப் பயிற்சி வேண்டும். மரத்துப்போன விரலையும், மடங்காத விரலையும், நிற்காத ரத்தத்தையும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். முதலுதவி பெற்றபின் சாந்தன்பாறைக்காரர்கள் மேற்கே அடிமாலி தாலுக்கா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போடிமெட்டு இறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஆம்புலன்ஸ் எண் இரு மாநிலத்திலும் 108தான். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பொருள் வெளியே வந்த பிறகு உறை மிஞ்சுகிறது. லயங்களில் விறகு ஈரமாக இருக்கும் மழைக்காலத்தில், அடுப்பு மூட்டப் பிளாஸ்டிக்கைக் கொளுத்திப் போடும் வழக்கம் உண்டு. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் அமில வாயுவும், டயாக்ஸின் என்னும் நச்சுப் பொருள்களும் புகையில் கலக்கும். சிறு அறையில் குழந்தைகளும் அதைத்தான் சுவாசிப்பார்கள். தோட்டத்து ஓரத்தில் எறிந்தால், வெட்டுண்ட அதே விளிம்பு, மறுநாள் சரத்தைத் தேடித் தரையைத் துழாவும் யாரோ ஒரு பெண்ணின் கையில் படும். அட்டையைத் தனியே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கின் கூரான முனைகளைக் கத்தரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துவைத்தால், வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். குடும்பஸ்ரீ அமைப்பைச் சேர்ந்த அப்பெண்களுக்கும் விரல்கள் உண்டு என்பதால், முனைகளை மழுக்கிக் கொடுப்பது மரியாதை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகள், கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளை முதல் வகையாக வைத்து, அவற்றைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையை, உற்பத்தி செய்பவர், இறக்குமதி செய்பவர், தம் பெயரில் விற்பவர் ஆகியோர்மேல் சுமத்தியிருக்கின்றன. கொடுத்த உறைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால், உறையின் பருமனையாவது அவர்கள் குறைப்பார்கள் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

வெட்டத் தொடங்குமுன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். பொட்டலப் பண்டங்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயரும், குறை சொல்வதற்கான முகவரியும் தொலைபேசி எண்ணும் உறையின்மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எவர் யோசனையோ, அது பெரும்பாலும் பின்பக்கத்து ஓரத்தில், கத்தரி போகும் பாதையிலேயே அமைந்துவிடுகிறது. வாரண்டி எண்ணும் பார்கோடும்கூட அங்கேயே இருக்கும். செல்போனில் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு வெட்டினால், பழுதான பொருளைத் திருப்பி அனுப்பவும், இந்த உறையைத் திறப்பதற்குள் பட்ட பாட்டை அவர்களுக்கே எழுதவும் சௌகரியமாக இருக்கும். அவர்கள் பதில் சொல்லாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.